மூடி உட்காரும் சத்தம்

அந்தத் தெருவில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள் மெக்கானிக். வண்டியைக் கொண்டுவருகிறவர் என்ன கோளாறு என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். கண்ணை மூடுவார். "செயின் இல்ல, பேரிங்" என்பார். பிரித்துப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும். பட்டறைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. காதுக்காரர் பட்டறை எது என்று கேட்டால் யாரும் கையை நீட்டி வழி காட்டுவார்கள்.

அந்தக் காதுதான் ஒரு வருடமாக மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அவரைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

முழுக்கப் போய்விடவில்லை. முதலில் சின்னச் சின்னச் சத்தங்கள் போயின. கடிகார முள், சொட்டுகிற குழாய், கொசு. கொசு போனதில் அவருக்கு லாபம்தான். பிறகு மெல்லிய பேச்சும் போயிற்று. முகத்துக்கு நேராக நின்று பேசினால் பெரும்பாலும் புரியும், மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினால் ஒன்றும் புரியாது. அவர் மனைவி எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பேசுவாள்.

பட்டறையில் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். என்ஜின்மேல் உள்ளங்கையை வைப்பார், கை சொல்லிவிடும். "இப்பல்லாம் அவருக்குக் கேக்கவே வேணாம்ப்பா, தொட்டே சொல்லிடறாரு" என்று வாடிக்கையாளர்கள் மெச்சினார்கள். வீட்டில் சமாளிக்க ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அது "சரி."

அதற்கு முன்னால் அவர் வாயில் முதலில் வரும் சொல் "எதுக்கு?" என்பதுதான். திரைச்சீலை மாத்தலாமா? எதுக்கு. ஞாயித்துக்கிழமை பெரியக்கா வீட்டுக்குப் போலாமா? எதுக்கு. அதற்குமேல் பேச்சு சண்டையாகிவிடும். சண்டையாகாவிட்டால் மனைவி பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவாள். இப்போது எதுவும் புரியாததால் எதற்கும் சரி என்றார். ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ரீசர் வந்து இறங்கியபோதுதான், தான் அதற்குச் சம்மதித்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. மனைவியின் தம்பியான மச்சான் பெட்டி படுக்கையோடு மாடியறைக்கு வந்து சேர்ந்தபோது, அதற்கும் சம்மதித்திருப்பது தெரிந்தது. மச்சான் டிரம்பெட் வாசிக்கப் பழகிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்தினார்கள். காதுக்காரர் மட்டும் முகம் சுளிக்காமல் செய்தித்தாள் படித்தார்.

"உங்களுக்கு இவ்ளோ பொறுமை எப்படிங்க வந்துச்சு" என்று மனைவி அதிசயித்தாள்.

"சரி" என்றார்.

இந்த ஒரு வருடத்தில் அவள் சிரித்ததுபோல் அதற்கு முன் சிரித்து அவர் பார்த்ததில்லை. வேலையிலிருந்து வந்ததும் அவரைத் தேடி வந்து உட்கார்ந்தாள். பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். காது டாக்டரிடம் போகலாம் என்று அவர் பலமுறை நினைத்தார். போனால் விஷயம் வெளியே வரும். வெளியே வந்தால் ஒரு வருடத்துச் சரிகளும் செல்லாதவை ஆகிவிடும், கூடவே அந்தச் சிரிப்பும் போய்விடும் என்று பயந்தார். பட்டறைப் பெயர் கெட்டுவிடுமே என்ற கவலையும் இருந்தது. ஆனால் இந்தப் பயத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. மனைவி கையால் போட்டது. தக்காளி, பீன்ஸ், பட்டாணி, குடைமிளகாய். அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். நாள் முழுக்கக் கருவிகளைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்குவது அவள் வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. அறுவடை நாளில் சமையலறை ஆஸ்பத்திரி ஆகிவிடும். கழுவிக் காய்ந்த ஜாடியின் வாயை யாராவது வெறும் விரலால் தொட்டால், ஒரு பார்வை பார்ப்பாள். தொட்டவர் தானாகவே நாலடி தள்ளிப் போய் நிற்பார்.

பட்டாணியும் பீன்ஸும் ஃப்ரீசருக்கு. கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, உடனே அள்ளி ஐஸ் தண்ணீரில் கொட்டி, வடித்து, துடைத்து, பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி எடுத்து மூடிவிட்டால் வேலை முடிந்தது. தக்காளிக்குத்தான் ஜாடி. தோலுரித்த தக்காளியை நிரப்பி, எலுமிச்சைச் சாறு விட்டு, விளிம்பைத் துடைத்து, தட்டையான தகர மூடியை வைத்து, அதன்மேல் வளையத்தைத் திருகி, ஜாடி முழுகுகிற தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். வெளியே எடுத்து மேசையில் துண்டு விரித்து வைத்தபிறகு அது ஆற ஆற, உள்ளே இருக்கிற காற்று சுருங்கி மூடியின் நடுப்பகுதியைக் கீழே இழுக்கும். அப்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். மூடி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்த ஜாடி அலமாரியில் மாதக்கணக்காக நிற்கும். உட்காராததை ஃப்ரிட்ஜில் வைத்து உடனே தின்று தீர்க்க வேண்டும்.

மறுநாள், நன்றாக ஆறியபிறகு, மூடியின் நடுவில் விரலால் அமுக்கிச் சரிபார்ப்பதுதான் மற்ற வீடுகளில் வழக்கம். இந்த வீட்டில் அது கிடையாது. "காதுக்காரரைக் கட்டிக்கிட்டு மூடிய அமுக்கிப் பாத்துக்கிட்டு இருந்தா ஊர் சிரிக்கும்" என்பாள் மனைவி. இவர்கள் எண்ணுவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். வாயைத் திறக்கக்கூடாது, இருமக்கூடாது. கடைசியில் இரண்டு பேரும் எண்ணைச் சொல்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் அவர் எண்ணிக்கைதான் செல்லும்.

காது மங்கியபிறகும் அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். மூடிகளை அல்ல, மனைவியை. ஒவ்வொரு 'டிக்'குக்கும் அவளுக்கே தெரியாமல் அவள் தலை லேசாக ஆடும். அந்த ஆட்டங்களை எண்ணிச் சொன்னார். ஒருமுறைகூடத் தப்பவில்லை. கள்ளத்தனத்திலும் ஒரு கைத்தேர்ச்சி வேண்டுமல்லவா, அது அவருக்கு இருந்தது.

அந்த முறை தக்காளி கொடி தாங்காமல் காய்த்துவிட்டது. மேசை முழுக்க ஜாடிகள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நாலைந்து தலையாட்டல் ஆனபோது மாடியில் டிரம்பெட் தொடங்கியது. அவருக்கு அது எங்கேயோ தூரத்தில் லாரி போவதுபோல இருந்தது. மனைவி எழுந்தாள்.

"இவன் ஊதறதுல எனக்கு ஒண்ணுமே கேக்கல. நான் போய் நிறுத்தச் சொல்லிட்டு வரேன். நீங்க விடாம எண்ணுங்க" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

போனவள் போனவள்தான். தம்பி புதிதாகப் பழகிய வாத்தியத் துணுக்கை வாசித்துக்காட்டாமல் அக்காவை விடமாட்டான். காதுக்காரர் ஜாடிகளோடு தனியாக உட்கார்ந்திருந்தார். எண்ணுவதற்குத் தலை இல்லை. அவருக்கு வியர்த்தது. குனிந்து பார்த்தார். சில மூடிகள் குழிந்திருந்தன, சில குழிந்ததுபோலவும் குழியாததுபோலவும் இருந்தன. பட்டறை நினைவுக்கு வந்தது. காது செய்த வேலையைக் கை செய்யாதா?

ஆள்காட்டி விரலை ஒரு மூடியின் நடுவில் வைத்தார். சுட்டது. மெல்ல அமுக்கினார். மூடி கீழே போயிற்று, மேலே வரவில்லை. ஆகா, உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். அடுத்ததையும் அமுக்கினார். அதுவும் போய் நின்றது. வரிசையாக எல்லாவற்றையும் அமுக்கி முடித்துவிட்டு, விரலை வாயருகே கொண்டுபோய் ஊதிவிட்டு, கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டார்.

மனைவி மூச்சு வாங்க இறங்கி வந்தாள். "எத்தன?"

"எல்லாமே" என்றார்.

"எல்லாமேவா? ஒண்ணுகூடத் தவறலையா?" அவள் முகம் மலர்ந்தது. மறுநாள் வளையங்களைக் கழற்றி, ஜாடிகளைத் துடைத்து, சமையலறையை ஒட்டிய சரக்கறையில் அடுக்கினாள். கொஞ்சத்தைப் பெட்டியில் போட்டு அவளுடைய பெரியக்கா வீட்டுக்கு அனுப்பினாள். பெரியக்கா, "இந்த வேலையெல்லாம் எதுக்குடி, கடையில கிடைக்காததா" என்று வருடா வருடம் கேட்கிறவள். அவளுக்கு அனுப்புவதில் மனைவிக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

பத்து நாள் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சரக்கறையிலிருந்து புளித்த வாடை வந்தது. மனைவி கதவைத் திறந்தாள். ஒரு ஜாடியின் மூடி எழும்பி, ஓரத்தில் நுரை கசிந்து, கீழ்த்தட்டுவரை சிவப்பாக வழிந்திருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று வீங்கியிருந்தது. பின்வரிசையில் மூன்றாவது ஒன்று.

அவள் கத்தவில்லை, கையுறை மாட்டிக்கொண்டாள். மூன்றையும் கெட்டியான பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாள். தட்டைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்காரர் எதிரில் போய் நின்றார்.

"எலுமிச்ச சாறு விட்டேனா இல்லையான்னே ஞாபகம் இல்லைங்க" என்றாள். "விளிம்பு சரியா துடைக்கலையோ? ஒரு நாளாவது டாக்டர் என் கருவியக் குத்தம் சொல்லியிருக்காரா? என் வீட்டுச் சாப்பாட்டையே எனக்குச் சுத்தமா வைக்கத் தெரியல."

மச்சான் அந்த நேரத்தில்தான் மாடியிலிருந்து வந்தான். அவனுக்கு டிரம்பெட்டே வேண்டாம், தொண்டையே போதும். அந்த வீட்டில் காதுக்காரருக்கு ஒழுங்காகக் கேட்கிற ஒரே குரல் அவனுடையதுதான். இது அவன் வந்ததிலிருந்து அவருக்கு இருந்துவந்த இன்னொரு கஷ்டம். மச்சான் சரக்கறையில் மிச்சமிருந்த ஒரு ஜாடியை எடுத்து, மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, சூடா இருக்கறப்ப யாராவது இத அமுக்கிட்டாங்களா? என் ஃப்ரெண்டு வீட்டுல ஒரு தடவ இப்படித்தான் ஆச்சு. சூட்டுல அமுக்கினா மூடி உக்காந்த மாதிரி நடிக்கும். அப்புறம் நாலு நாள் கழிச்சு எந்திரிச்சுக்கும்."

"அமுக்கறதா? இந்த வீட்டுல அந்தளவுக்கு முட்டாள் யாரும் இல்லடா" என்றாள் அக்கா. "அத்தான் பக்கத்துலயே உக்காந்து ஒண்ணு விடாம எண்ணியிருக்காரு. மூடியெல்லாம் சரியாத்தான் உக்காந்திருக்கு. தப்பு என் கைலதான்."

காதுக்காரருக்கு இது முழுவதும் கேட்டது, அல்லது பார்த்தே புரிந்தது. ஆள்காட்டி விரலை மற்ற விரல்களுக்குள் மறைத்துக்கொண்டார். அந்த விரலைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் மறைத்துக்கொண்டார்.

அடுத்தது மளமளவென்று நடந்தது. மனைவி மிச்ச ஜாடிகளையெல்லாம் எடுத்து மேசையில் வைத்தாள். எல்லாவற்றையும் கொட்டப்போவதாகச் சொன்னாள். பெரியக்காவுக்குப் போன் செய்து ஜாடிகளைத் தூக்கிப் போடச் சொல்ல வேண்டும், அவள் சிரித்தால் சிரிக்கட்டும் என்றாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

காதுக்காரர் பின்வாசலில் நின்று பார்த்தார். கொடிகளில் இன்னும் தக்காளி தொங்கியது, கால்வாசி பழுக்கவே இல்லை. அவள் முதல் செடியின் தாங்குகுச்சியைப் பிடுங்கிக் கீழே போட்டாள். அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். செடி போகும், ஜாடி போகும், ஆனால் மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். சாயங்காலம் அவள் வந்து பக்கத்தில் உட்காருவாள், ஏதாவது சொல்வாள், அவர் சரி என்பார். ஒரு நொடி அவர் அப்படித்தான் நினைத்தார், நல்ல மனுஷர் என்று நாம் பூசி மெழுக வேண்டியதில்லை. அடுத்த நொடி அவள் மண்வெட்டியை ஓங்கினாள். அவர் செருப்பில்லாமல் ஈரமண்ணில் ஓடி அதைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் அமுக்கினேன்" என்றார்.

"என்னது?"

"மூடிய. நீ மாடிக்குப் போனப்ப. எல்லாத்தையும் அமுக்கினேன்."

"எதுக்கு?" என்றாள் அவள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது.

"உக்காந்துச்சா இல்லையான்னு தெரியல. சத்தம் கேக்கல."

"ஊதிக்கிட்டு இருந்தானே, அதனாலயா?"

அவள் தானாகவே தப்பிக்க ஒரு வழி கொடுத்தாள். காதுக்காரர் அந்த வழியை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டார். "இல்ல. எனக்குக் காது கேக்கல. ஒரு வருஷமாச்சு."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்றுகொண்டாள். அவள் தோள் அசைந்தது, ஏதோ சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. காத்திருந்தார். அவள் மறுபடியும் திரும்பினாள்.

"இப்ப என்ன சொன்னேன்?"

"தெரியல."

"உங்க தலையில இடி விழன்னு சொன்னேன்."

"சரி" என்றார் பழக்கதோஷத்தில்.

அவள் சிரிக்கவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். நேராக முகத்தைப் பார்த்து, சொல்லைச் சொல்லாகப் பிரித்து, பல் பிடுங்க வந்தவரிடம் பேசுவதுபோல.

"ஃப்ரீசர் வாங்கலாமான்னு கேட்டேன்."

"வந்து இறங்கினதுக்கு அப்புறம்தான் தெரியும்."

"தம்பி வந்து தங்கட்டுமான்னு கேட்டேன்."

"அதுவும் அப்படித்தான்."

"அவன் ஊதறது?"

"ஏதோ லாரின்னு நெனச்சேன்."

வேறு நேரமாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது கீழே கிடந்த ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். "போன தடவ பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்தோமே, மேசையில. அன்னைக்கு நான் உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். நீங்க சரின்னு சொல்லிட்டு என் கையில இருந்த பட்டாணிய எடுத்துத் தின்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"பட்டாணி தின்னது ஞாபகம் இருக்கு."

"இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் இந்த வீட்டுல எனக்குப் பேச ஒரு ஆள் கிடைச்ச மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

இது அவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. ஒரு வருடமாக அவள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்று நினைத்துப் பார்த்தார். அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"நான் சுவத்துக்கிட்ட பேசியிருக்கேன்" என்றாள் அவள். "அதுவும் சந்தோஷமா."

"சுவர் இல்ல" என்றார் மெதுவாக. "காதுல விழல, அது நிஜம்தான். ஆனா நீ என்ன சொல்றேன்னு தெரிஞ்சாகணுமே. அதனால உன் மூஞ்சியப் பாக்க ஆரம்பிச்சேன். நீ பேசற நேரமெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தேன். டாக்டரப் பத்திப் பேசறப்ப ஒரு புருவம் மட்டும் மேல போகும். உங்க அக்காவப் பத்தின்னா மூக்கு சிவக்கும். பொய் சொல்றப்ப கழுத்தத் தடவிக்குவ. காது நல்லா இருந்தப்ப இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்ப நான் பேப்பரத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

அவள் கழுத்தைத் தடவப் போன கையைப் பாதியில் நிறுத்தினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு சிவந்திருந்தது. ஆனால் அது அக்கா சம்பந்தப்பட்ட சிவப்பு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

"ஒரு வருஷம்" என்றாள் கடைசியில். "ஒரு வருஷம் மறைச்சிருக்கீங்க. நாளைக்கே காது டாக்டர்கிட்ட போறோம்."

"சரி."

"கேட்டுதா?"

"கேட்டுச்சு."

"அப்ப எந்திரிங்க. என் செடிய யாரு பிடுங்கச் சொன்னது?" என்று அவளே பிடுங்கிப் போட்ட குச்சியைக் காட்டினாள். அவர் அதைத் திரும்ப நட்டு, கொடியைத் தூக்கிக் கட்டினார்.

மச்சானைப் பெரியக்கா வீட்டுக்கு விரட்டினார்கள். போவதற்கு முன் போனில் மனைவியே பேசினாள். "ஒண்ணையும் திறக்காத, ருசி பாக்காத, அப்படியே அவன்கிட்ட குடுத்துடு. ஆமா, தப்பாயிடுச்சு. என் தப்பு இல்ல, உன் தங்கச்சி புருஷன் தப்பு" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பெரியக்கா ஒன்றையும் திறந்திருக்கவில்லை. விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்திருந்தாளாம். கடையில் கிடைக்காததா என்று கேட்கிறவள் அதை ஏன் அங்கே வைத்தாள் என்று மனைவி அன்று முழுக்க யோசித்து யோசித்து மகிழ்ந்தாள்.

பிறகு மேசையில் இருந்த ஜாடிகளைச் சோதித்தாள். வளையம் இல்லாமல், மூடியின் விளிம்பை மட்டும் விரல்நுனிகளால் பிடித்துத் தூக்குவாள். உண்மையாக உட்கார்ந்த மூடி ஜாடியின் பாரத்தைத் தாங்கும். நடித்த மூடி கையோடு வந்துவிடும். நான்கு கையோடு வந்தன. மற்றவை கனமாக, அசையாமல் தொங்கின. ஆனாலும் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அமுக்கின விரல் எதில் என்ன செய்திருக்கும் என்று சொல்ல முடியாது, என் வீட்டில் சந்தேகத்தைச் சாப்பிடமாட்டோம் என்றாள். காதுக்காரர் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். கழுவுகிறபோது விளிம்பை விரலால் தொட்டுவிட்டார். அவள் அந்தப் பார்வையைப் பார்த்தாள். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் கொடியில் பழுத்திருந்ததையெல்லாம் பறித்துவந்தார்கள். இந்தமுறை ஜாடி வேண்டாம், ஃப்ரீசர் போதும் என்று முடிவாயிற்று. ஃப்ரீசரில் வைக்கிற தக்காளி சத்தம் போடாது, யாரும் எண்ண வேண்டாம். கழுவி, காம்புப் பக்கத்தைக் குடைந்து எடுத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி உறையவைத்து, பிறகு பையில் கட்டினால் ஆயிற்று. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவர் குடைந்தார், அவள் அடுக்கினாள்.

"இப்ப என் மூஞ்சியப் பாருங்க" என்றாள். "போன வருஷத்துலேருந்து ஆரம்பிக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணையும் விடமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். பல் பிடுங்க வந்த ஒரு போலீஸ்காரர் டாக்டரின் விரலைக் கடித்துவிட்டு, பயத்தில் அவரையே கைது செய்யப் போன கதையைச் சொன்னாள். காதுக்காரர் ஒரு வருடம் தாமதமாக வயிறு வலிக்கச் சிரித்தார். "அன்னைக்கும் இப்படித்தான் சிரிச்சீங்க" என்றாள் சந்தேகமாக. "நீ சிரிச்ச, அதனால சிரிச்சேன்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி பீன்ஸ் கேட்டு வந்தது, டாக்டர் புது நாற்காலி வாங்கி அது மேலே போய்க் கீழே வராமல் நோயாளி தொங்கியது, எல்லாம் வந்தன. மாதங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. தட்டு நிறைந்தது, இன்னொரு தட்டு வந்தது.

"அடுத்தது" என்றாள். "தம்பி இருக்கானே, அவன் கூட வாசிக்கற பசங்க நாலு பேரு. டிரம்ஸ் வாசிக்கறவன் ஒருத்தன். ஞாயித்துக்கிழமையானா நம்ம மாடியிலதான் ஒத்திகை வச்சுக்கலாம்னு கேட்டாங்க. அடுத்த வாரத்துலேருந்து வராங்க. நீங்க சரின்னுட்டீங்க."

காதுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எதுக்கு?" என்றார்.

"என்ன எதுக்கு? நீங்க சரின்னு சொன்னீங்க."

"அது கேக்காதப்ப சொன்னது. இப்ப கேட்டுச்சு. முடியாது."

"நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"என்னக் கேக்காம எப்படிக் குடுத்த?"

"கேட்டேன்னுதானே சொல்றேன். உங்களுக்குத்தான் காது கேக்கல."

"காது டாக்டர்கிட்ட போய் காது நல்லானதும் முதல்ல டிரம்ஸக் கேக்கணுமா நான்? முடியவே முடியாது. வேணும்னா உங்க அக்கா வீட்டு மாடியில வாசிக்கட்டும்."

"எங்க அக்காவ எதுக்கு இழுக்கறீங்க?" அவள் மூக்கு சிவந்துவிட்டது. ஒரு புருவம் மேலே போயிற்று. வாயைத் திறந்தவள், திறந்தபடியே ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு தக்காளித் தட்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, சொல்லப்போகிற அடுத்த வார்த்தை அவர் காதில் தவறாமல் விழவேண்டும் என்று, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.